வளவுப் பழமரம் எந்த நஞ்சை எடுக்கும், எதை எடுக்காது? வன்னியின் மூன்று இடங்களிலிருந்து குறிப்புகள்

ஓமந்தை வயற்கரை
காலபோக நெல்வயலில், புல்லை விட்டு அகன்ற இலைக் களையைக் கொல்லும் எம்.சி.பி.ஏ. களைநாசினி அடித்த மறுநாளே வரம்போரப் பப்பாசியின் இலைக்காம்பு முறுகித் தொங்கும். பிறகு வரும் குருத்திலை நாடாபோல ஒடுங்கும். வைரஸ் என்று நினைத்து உடனே தறிக்காதீர்கள். வளையப்புள்ளி வைரஸ் என்றால் காம்பிலும் தண்டிலும் எண்ணெய் ஊறினது போல கரும்பச்சைக் கோடு இருக்கும், காயில் வளையம் தெரியும், ஒன்றிரண்டு மரத்தில் தொடங்கி அங்குமிங்குமாகப் பரவும். காற்றில் வந்த மருந்தென்றால் வயலைப் பார்த்து நிற்கிற வரிசை முழுக்க ஒன்றாகச் சுருளும். பக்கத்துத் தக்காளியும் சுருண்டிருக்கும், புல்லுக்கு ஒன்றும் ஆகியிராது. இலேசாகப் பட்ட மரம் ஒன்றிரண்டு மாதத்தில் நல்ல குருத்து விடும். வைரஸ் பிடித்ததைத்தான் வேரோடு பிடுங்க வேண்டும்.

முள்ளியவளை
கிளைபோசேற் களைநாசினி வேறு விதம். இலங்கையில் அதற்கு 2015இல் தடை வந்து 2022இல் நீங்கியது தெரிந்ததே. மண்ணில் விழுந்தால் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வேர் எடுப்பது மிகக் குறைவு. ஆபத்து பச்சைப் பட்டையிலும் தாழ்ந்த இலையிலும்தான். இலையில் பட்டது, இலை சமைத்த சீனியோடு சேர்ந்து குருத்துக்கும் வேர்நுனிக்கும் காய்க்கும் போகும். வாழைக்குட்டியை ஒழிக்க அதன் மேல் அடித்தால் தாய்வாழையும் கெடும். தேசியில் உடனே தெரியாது, அடுத்த துளிர் ஊசிபோல வெளிறிக் கொத்தாக வரும். நாகச்சத்து (துத்தநாகம்) குறைவிலும் இலை சிறுக்கும். ஆனால் அதில் நரம்பு பச்சையாக நிற்க, இடையில்தான் மஞ்சளிக்கும். இளங்கன்றைச் சுற்றி 1 மீற்றருக்குக் கையால் புல் பிடுங்குவதுதான் பாதுகாப்பு.

மாங்குளம்
ஏ9 வீதியோர மாங்காயைச் சாப்பிடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றாலும் பழைய ஈயம் மேல்மண்ணிலேயே கிடக்கும். மரம் எடுக்கிற கொஞ்சமும் பெரும்பாலும் வேரில் நின்றுவிடும், சதைக்குப் போவது அற்பம். தோலில் படிந்த புழுதிதான் பிரச்சினை: நன்றாகக் கழுவித் தோலைச் சீவினால் போதும். தோலோடு ஊறுகாய் போடுகிறவர்கள் இரண்டு தண்ணீரில் கழுவட்டும். பழைய பற்றரி உடைத்த இடம் அப்படியல்ல. அங்கே மாங்காயை விடக் கீரையும், மண்ணில் விளையாடுகிற பிள்ளைகளும்தான் கவலை. சோதிக்க மண் எடுப்பதானால் வளவில் 10–15 இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்துக் கலந்து அரைக் கிலோ அனுப்புங்கள். பற்றரி உடைத்த இடத்து மண்ணை மட்டும் அதோடு கலக்காமல் தனிப் பையில் போடுங்கள், கலந்தால் ஈயத்தின் அளவு குறைத்துக் காட்டும்.

ஓமந்தை வயற்கரை
முதலில் சொல்ல விட்டது: களைநாசினியைக் காற்று வீசும்போது அடிக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் விடியற்காலை இலை அசையாமல், புகை தரையோடு படர்ந்து கிடக்கிற நேரமும் கூடாது. நுண்துளி மேலே போகாமல் அப்படியே பக்கத்து வளவுக்கு நகரும். வெயில் ஏறி இலேசான காற்று வளவுக்கு எதிர்ப்பக்கம் போகும்போது, அமுக்கத்தைக் குறைத்து, பெரிய துளி விழுகிற முனையை முழங்கால் உயரத்தில் பிடித்து அடியுங்கள். களைநாசினிக்குத் தனித் தாங்கி வையுங்கள். எத்தனை தரம் அலசினாலும் றப்பர்க் குழாயில் எம்.சி.பி.ஏ. மிஞ்சும், அதே தாங்கியில் பூச்சிமருந்து கரைத்துப் பப்பாசிக்கு அடித்துவிட்டுப் பக்கத்து வயற்காரனோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.