பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் உள்ளான் பறவைகளை இனங்காண உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். 2022-இல் ராம்சார் தகுதி (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் தகுதி) பெற்ற, சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் அதன் தெற்கேயுள்ள பெரும்பாக்கம் ஏரிக்கும் இந்தப் பங்குனி மாதம் முழுவதும் ஞாயிறுதோறும் சென்று வருகிறேன். வலசை வந்த பறவைகள் வடக்கே திரும்பும் இந்த நாட்களில் அவற்றின் இறகு நிறம் மாறத் தொடங்குவதால், குளிர்காலத்தில் எளிதாக அடையாளம் கண்ட பறவைகளே இப்போது என்னைக் குழப்புகின்றன.

குறிப்பாக, ஒன்றுபோலவே தோன்றும் இரு உள்ளான் வகைகளான பச்சைக்காலியையும் (Common Greenshank) சதுப்பு உள்ளானையும் (Marsh Sandpiper) பிரித்தறிய முடியவில்லை. பச்சைக்காலி பெரியது, அதன் தடித்த அலகு சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும் என்பதையும், சதுப்பு உள்ளானின் அலகு ஊசிபோல் மெலிந்து நேராக இருக்கும் என்பதையும் அறிவேன். ஆனால் ஒப்பிட அருகில் வேறு பறவை இல்லாமல் தனியே நிற்கும்போது உருவ அளவை எப்படி மதிப்பிடுகிறீர்கள்? முதுகில் கரும்புள்ளிகள் தோன்றியுள்ள ஒரு பறவையின் மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மற்றொன்று, என்னிடம் 400 மி.மீ. லென்ஸ் இருந்தும் காலை எட்டரை மணிக்கு மேல் வெப்பத்தால் காற்று கானல்போல் அலைவதால் படங்கள் தெளிவிழக்கின்றன. விடியற்காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, பறவைகளைக் கலைக்காமல் சாலையோரத்திலிருந்தே படமெடுக்கத்தக்க இடம் பெரும்பாக்கம் பக்கம் உண்டா? கூடு கட்டும் இடங்களை மட்டும் பொதுவில் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.