அம்மாவின் வைட்டமின் டி: புதுப்பிப்பு

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற எங்கம்மாவுக்கு ரத்தத்துல வைட்டமின் டி 11 ng/mL தான், ரொம்பக் குறைவா இருக்குதுன்னு முன்னாடி எழுதியிருந்தேனுங்க. டாக்டர் எழுதின 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒண்ணா 8 வாரம், மதியச் சாப்பாட்டோட போட்டாங்க. கொழுப்பில் கரையுற சத்து, வெறும் வயித்துல சரியாச் சேராது. இப்ப 34, போதுமான அளவுக்கு வந்திருச்சு. முதுகு வலியும் குறைஞ்சிருக்குது. இனி மாசம் ஒண்ணு போதும்னுட்டார்.

‘தினமும் போட்டா சீக்கிரம் ஏறுமா?’ன்னு கேட்டிருந்தீங்க. தயவுசெஞ்சு வேண்டாமுங்க! அது வாரத்துக்கான அளவு. மிஞ்சினது சிறுநீரில் சுலபமா வெளியேறாது. உடம்புலயே தங்கி ரத்தத்துல கால்சியத்தை ஏத்திவிடும். வாந்தி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், மனக்குழப்பம் வந்தா மாத்திரையை நிறுத்திட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க. கிட்னியே பழுதாகலாம். கிட்னியில் கல் இருக்கிறவங்க, பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடறவங்க ஆரம்பிக்கும்போதே டாக்டர்கிட்ட அதைச் சொல்லிடுங்க.

பழைய சீட்டையே காட்டி மருந்துக்கடையில் திரும்பத் திரும்ப வாங்கறதுதான் எனக்குப் பெரிய பயம். எங்க பெரியம்மா மாசக்கணக்கா அப்படித்தான் வாங்கிப் போட்டிருக்காங்க. நாளைக்கு அவங்களுக்கு ரத்தத்துல கால்சியமும், கிட்னி சரியா வேலை செய்யுதான்னு காட்டற கிரியாட்டினினும் பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்.