கவிதையில் படித்த ஓர் உவமை நேரில் வந்து நின்ற அனுபவம் உண்டா? பகிருங்கள்

வல்லத்துக்காரன்:
மச்சினி கல்யாணப் பத்திரிகை. மேலே ‘செம்புலப் பெயல்நீர் போல’ போட்டுவிடலாம் என்றேன். செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று தலைவன் தலைவியிடம் சொல்கிற சங்கப் பாட்டு வரி. அச்சகத்தில் அது டிசைனோடு தயாராகவே இருந்தது, அவ்வளவு பேர் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். புரூஃபை வாங்கியவர் பேனாவைத் திறந்தார். “இதை அவன் எப்போ சொல்றான் தெரியுமா? விட்டுட்டுப் போயிடுவானோன்னு அந்தப் பொண்ணு பயந்து நிக்கிறா. அவளைத் தேத்தறதுக்குச் சொல்றான். இதைப் போய் முகூர்த்தப் பத்திரிகையில போடுவாங்களா?”

அந்தப் பாட்டு குறுந்தொகை 40. யார் எப்போது சொன்னது என்று கூறும் அதன் துறைக்குறிப்பும் அப்படித்தான் இருக்கிறது, வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஆனால் அப்போது மச்சினி பக்கத்திலேயே நின்றாள். “பயம் இருக்கத்தானே செய்யுது மாமா” என்றாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

படிகாரம்:
வரியைப் போட்டீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே! சரி, என் கதை.

குடிநீர்ச் சுத்திகரிப்பில் வேலை பார்த்தவன் நான். மழைக்காலத்தில் ஆற்றுநீர் செக்கச்செவேலென்று வரும். எவ்வளவு படிகாரம் போட வேண்டும் என்று ஜார் டெஸ்ட் பார்ப்போம். வரிசையாகக் கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் ஓர் அளவு. பயிற்சிக்கு வந்திருந்த பையன் ஒருவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். துகள்கள் திரண்டு பஞ்சு பஞ்சாக அடியில் இறங்க, மேலே தண்ணீர் தெளிந்தது. “செம்புலப் பெயல்நீரைப் பிரிச்சுட்டோம் சார்” என்றான். சிரிப்பு வரவில்லை எனக்கு.

உவமை தப்பு என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மணல் தானாக இறங்கிவிடும். களிமண்ணின் நுண்துகள் அப்படியல்ல. எல்லாத் துகளிலும் ஒரே மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். வெளியிலிருந்து ஒன்றைப் போட்டால்தான் பிரியும். புலவர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

அடுப்பங்கரை:
எனக்கு அழகான உவமையெல்லாம் வாய்க்கவில்லை.

கல்லூரியில் வெள்ளிவீதியார் பாட்டு இருந்தது, குறுந்தொகை 58. வெயில் காயும் பாறையில் வெண்ணெய். அதற்குக் காவல் கையில்லாத ஊமை. உருகுவதை எடுக்கக் கையில்லை, யாரையாவது கூப்பிட வாயில்லை, கண்ணால் மட்டும் காக்கிறான். என் காதல் நோயும் அப்படித்தான் பரவிவிட்டது என்கிறான் தலைவன். ‘அவனை எவன்டா காவலுக்கு வெச்சான்’ என்று பின் பெஞ்சில் யாரோ கேட்க, வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சக்கர நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டிருப்போம், ஆள் நடமாட்டம் தெரியட்டும் என்று. பாலை அடுப்பில் வைத்துவிட்டு சிலிண்டர்காரரிடம் பணம் கொடுக்கப் போனேன். சில்லறை இல்லை, ஏதோ பேச்சு, தாமதமாகிவிட்டது. திரும்பி வந்தால் பால் பொங்கி, தீ அணைந்து, மேடை முழுக்கப் பரவித் தரையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வந்ததும் பார்வை என் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வை வெறும் பாலைப் பற்றியதாக இல்லை.

முதலில் கியாஸை மூடினேன். அப்புறம்தான் அம்மாவைத் தொட்டேன்.

யாராவது ‘சங்கப் பாட்டெல்லாம் மிகை’ என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

ஷார்ஜா ரிக்கர்:
அக்கா, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?

என்னுடையது நற்றிணை 284. பொருள் தேடப் போனவனின் நெஞ்சு ‘ஊருக்குக் கிளம்பு’ என்கிறது. அறிவு ‘வேலையைப் பாதியில் விட்டால் கேவலம், கொஞ்சம் பொறு’ என்கிறது. இரண்டு யானை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற புரி தேய்ந்த பழங்கயிறு மாதிரி என் உடம்பு அற்றுவிடுமோ என்கிறான். எழுதியவர் பெயர் தெரியாமல் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றே வைத்துவிட்டார்கள்.

நான் கிரேனுக்கு ஸ்லிங், அதாவது சுமை தூக்கும் கம்பிக் கயிறு, மாட்டுகிறவன். கம்பிக் கயிற்றில் புரி புரியாக முறுக்கு இருக்கும். எந்தப் புரியில் எத்தனை கம்பி அறுந்திருக்கிறது என்று துணியை வைத்துத் தடவிப் பார்ப்போம். அன்று காலை மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாக போன். லீவு கேட்டால் ‘இந்த ஷட்டவுன் முடியட்டும்’ என்கிறார் ஃபோர்மேன். மதியம் சேஃப்டி ஆள் வந்து ஒரு ஸ்லிங்கை ஒதுக்கினார். மறுபடி யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று கட்டரால் துண்டு போட்டார். இரண்டு துண்டும் என் காலடியில்தான் விழுந்தன.

மகன் நன்றாக இருக்கிறான். முகத்தை வீடியோவில்தான் முதலில் பார்த்தேன்.

பழைய நடுவர்:
கல்லூரிப் போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போனேன். கட்டைப் பிரித்தால் நிலா, நிலா, நிலா. அதில் ஒரு வரி, ‘உன் முகம் நிலா போன்ற நிலவு’. அவ்வளவுதான் என் அனுபவம்.

இங்கே எழுதுகிறவர்கள் கவிதையும் எழுதக்கூடும் என்பதால் சில வார்த்தை. உவமையும் உருவகமும் வேறு. மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம். இரண்டையும் ஒரே வரியில் திணித்தால் மேலே கண்ட கதிதான். அடுத்து, எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்ற தெளிவு வேண்டும். தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறார். புலி போன்ற வீரன் என்றால் பாய்ச்சல், மாரி போன்ற கை என்றால் கொடை, துடி போன்ற இடை என்றால் வடிவம், பொன் போன்ற மேனி என்றால் நிறம். நம் பிள்ளைகள் நான்கில் நிறத்தையும் வடிவத்தையும் விட்டு நகர்வதே இல்லை. வினையை எடுங்கள். ரிக்கர் தம்பி சொன்ன பாட்டில் கயிற்றின் நிறமா முக்கியம்? இழுபடுகிறதே, அதுதான். அப்புறம் ‘போல’வை விட்டால் ஆளில்லையா? நன்னூல் புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப என்று பன்னிரண்டு உவம உருபு தருகிறது. புதுக்கவிதையில் ‘கடுப்ப’ போட்டால் வாசகருக்குத்தான் கடுப்பாகும், அது வேறு. கடைசியாக, நிலாவுக்குப் பத்து வருடம் ஓய்வு கொடுங்கள்.

மூன்றாம் பெஞ்சு:
நடுவர் ஐயா, யாரும் பாடம் கேட்கவில்லையே.

நிலாவுக்கு ஓய்வு கொடுத்தால் பாரதிதாசனை எங்கே வைப்பீர்கள்? புரட்சிக்கவியில் பசித்த மக்கள் கூழ் தேடும்போது பானை நிறைய வெண்சோறு கண்ட இன்பமோ உன்னைக் காணும் இன்பம் என்று நிலவைக் கேட்கிறாரே, அது எந்தக் கணக்கு? நிறமா, வடிவமா, பயனா?

பள்ளி ஆண்டு விழாவில் அதை ஒப்பித்தேன். இறங்கி வந்தால் சத்துணவு ஆயா மேடைக்குப் பின்னால் காத்திருக்கிறார், கையில் கழுவின கரண்டியோடு. “அந்தப் பானையில சோறுன்னு வருமே, அதை மட்டும் இன்னொருக்கா சொல்லு பாப்பா.” சொன்னேன். “ஆமா, அப்படித்தான் இருக்கும்” என்றார்.

எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. ‘நிலா பழைய விஷயம்’ என்று மதிப்பெண் தாளில் எழுதியிருந்தது. ஐயா, அது நீங்கள் இல்லையே?