வேற்றுக்கிரக இனம் உருவாக்க உதவி வேண்டும்

வணக்கம். மன்னார்குடியில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் திண்ணையில் உட்கார்ந்து ரோல்பிளேயிங் கேம் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறோம், அடுத்த கேம்பெய்ன், அதாவது பல வாரம் தொடரும் ஆட்டம், விண்வெளிக் கதை, நடத்துவது நான். மனிதக் கிளை இனம் ஒன்று ஓரளவு கைகூடிவிட்டது. தென்கிழக்காசியக் கடலில் முக்குளித்து வாழும் பஜாவ் மக்களுக்கு, அருகில் நிலத்தில் வாழ்பவர்களைவிட, மூச்சடக்கும்போது ஆக்சிஜன் உள்ள ரத்தத்தைக் கூடுதலாகத் தரும் மண்ணீரல் ஏறக்குறைய 50 சதவீதம் பெரிது என்று 2018-ல் ஆய்வு வந்ததே, அதையே பல நூறு தலைமுறைக்கு நீட்டி, மணிக்கணக்கில் மூச்சடக்குபவர்களாக்கினேன்.

சிக்கல் வேற்றுக்கிரக இனத்தில்தான். நடவு நேரத்தில் வரப்பில் ஒரு வயல் நண்டைப் புரட்டிப் பார்த்தேன். வயிற்று மடிப்புக்குள் பொடிப்பொடியாகக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் தாயைப் போலவே முழு நண்டு! அதிலிருந்து பிறந்ததுதான் இந்த இனம், பிள்ளைகளை மடியில் சுமந்தபடியே சந்தைக்கும் போருக்கும் போகிறவர்கள். ஆனால் பேச வைத்தால் நம்மூர் ஆள் முகமூடி போட்ட மாதிரியே இருக்கிறது. இவர்களுக்கு எது மானம், எதற்குப் பயப்படுவார்கள், தண்ணீர்ப் பங்கீட்டில் தகராறு வந்தால் எப்படித் தீர்ப்பார்கள்? அப்புறம், ஆட்டக்காரர் ஒருவர் இந்த இனத்தை எடுத்தால் மடியிலிருக்கும் குஞ்சுகளுக்கு என்ன விதி வைப்பது? செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள், வருகிற ஞாயிறு தொடங்க வேண்டும்.