அடுத்த வண்டி வரவில்லை: பந்தயப் பாதையில் நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

வேலந்தாவளம், செவிலியர்

பிரிட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் மேன் தீவில், ஊர்ச் சாலைகளையே மூடி நடத்தும் டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயம் இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஜூன் 1, புதன்கிழமை, மாலைத் தகுதிச்சுற்று. நான் அந்தத் தீவில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உடன் வேலை செய்பவள் வற்புறுத்தியதால் கிராஸ்பி கிராமத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தின் கற்சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். நம் ஊரில் ரேக்ளா பந்தயம் பார்க்க ரோட்டோரம் நிற்போமே, அந்த நினைப்புதான் எனக்கு.

அங்கே வீரர்கள் கூட்டமாகப் புறப்படுவதில்லை. இடைவெளி விட்டு விட்டு அனுப்புவார்கள். ஒரு வண்டி கடந்து போகும், காது அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் உடம்பே அந்தத் தாளத்துக்குப் பழகிப்போகிறது. அப்படிப் பழகியிருந்தபோது அடுத்த வண்டி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. எங்கோ ஒரு பறவை கத்தியது. அதுவரை அங்கே பறவை இருந்ததே எனக்குத் தெரியாது. பாதையோரம் நிற்கும் பந்தயக் காவலரான மார்ஷல், ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடியை எடுத்தார்.

அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரப் பாட்டி என் பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கோப்பையில் இருந்ததைப் புல்லில் கொட்டினார், பிளாஸ்க் மூடியைத் திருகினார், மடக்கு நாற்காலியை மடக்கினார். அவ்வளவுதான்.

எங்களுக்குச் சற்று முன்னால் இருக்கும் பல்லகேரி வளைவில் மார்க் பர்ஸ்லோ என்ற வேல்ஸ் நாட்டு வீரர் இறந்திருந்தார். வயது 29. அந்த இரண்டு வாரங்களில் மேலும் நால்வர் போனார்கள். அவர்களில் ஒரே சைடுகாரில், அதாவது பக்கத்தில் இன்னொருவர் தொற்றிக்கொள்ளும் மூன்று சக்கர வண்டியில், சென்ற தகப்பனும் மகனும் உண்டு. தகப்பனுக்கு 56, மகனுக்கு 21. மருத்துவமனை வேலையில் சாவு எனக்குப் புதிது இல்லை. ஆனால் அந்தப் பாட்டி மூடியைத் திருகிய விதத்தை மூன்று வருடத்துக்கு மேலாகியும் என்னால் மறக்க முடியவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

ஆரம்பாக்கம், ஓய்வுபெற்றவர்

நான் இதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரம் பந்தயப் பாதை, 1980-களின் தொடக்கம். எனக்குப் பதினேழு வயது. தடாவில் இருந்த என் மாமாவும் நானும் விடியற்காலையில் பஸ் ஏறி, ஜி.என்.டி. ரோட்டில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் எங்கள் பக்கம் நேராகச் சறுக்கிவந்து வைக்கோலில் மோதி நின்றார். நாங்கள் நான்கைந்து பேர் தாவிக் குதித்தோம். யார் போகச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. "நீள்ளு, நீள்ளு" என்று தெலுங்கில் ஒருவர் தண்ணீர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குறட்டைபோல ஒரு சத்தம் வந்தது. தாடைப் பட்டையை நான்தான் அவிழ்த்தேன். பிறகு எல்லோருமாக ஹெல்மெட்டை இழுத்தோம். காது மடல் சிக்கியது. இன்னும் பலமாக இழுத்தோம்.

அப்புறம் ஸ்ட்ரெச்சர் வந்தது, எங்களை விலக்கிவிட்டார்கள். அவர் பிழைத்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயந்தேன் என்பதுதான் உண்மை. மறுநாள் செய்தித்தாளை வாங்கிக்கொண்டு வந்தார் மாமா. அதை நான் பிரிக்கவே இல்லை.

வாளையார், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்

நான் பந்தயப் பாதையைக் கண்டவன் அல்லன். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. வாசல்வரை ஒருமுறை போயிருக்கிறேன். ஆனால் பாலக்காடு கோயம்புத்தூர் நெடுஞ்சாலையில் பதினான்கு வருடமாக அடிபட்டவர்களை ஏற்றுகிறேன். அதனால் மேலே எழுதியிருக்கும் பெரியவர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை என்று சொல்கிறேன்: விழுந்தவரின் ஹெல்மெட்டை இழுக்கவே கூடாது.

கழுத்தெலும்பு உடைந்திருந்தால், அதற்குள் போகும் தண்டுவடம் அதுவரை தப்பியிருக்கலாம். நீங்கள் இழுக்கும் இழுப்பில்தான் அது அறுபடும். முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். அவருடைய தலைமாட்டில் மண்டியிட்டு, ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் கை வைத்து, தலை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முகக் கண்ணாடியை மேலே தூக்கிவிடுங்கள். பேசுகிறாரா, மூச்சு வருகிறதா என்று பாருங்கள். பேசினால் அவரைத் தலையாட்ட வேண்டாம் என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தண்ணீரோ சோடாவோ வாயில் ஊற்றாதீர்கள். மயங்கியவருக்கு அது நேராக மூச்சுக்குழலுக்குள் போகும். உட்காரவைக்காதீர்கள். கைகால் பிடித்து ஆட்டோவில் திணிக்காதீர்கள். இரத்தம் பீய்ச்சினால் துணியை வைத்து அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். இந்த நெடுஞ்சாலையில் இவற்றையெல்லாம் எனக்கு முன்பே ஒருவர் சரியாகச் செய்துவைத்திருந்ததை நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை செய்தது ஒரு கல்லூரிப் பெண். அவள் கை அரைமணி நேரமாக அந்த ஹெல்மெட்டை விட்டு அகலவில்லை.

கொழிஞ்சாம்பாறை, ஒர்க்‌ஷாப்

ஆம்புலன்ஸ் அண்ணன் நல்லதைத்தான் சொன்னார். ஆனால் நாற்பது வருடத்துக்கு முன்பு பதினேழு வயதுப் பையனாக இருந்தவரிடம் இப்படியா பேசுவது?

என்னுடையது நேரில் கண்டது இல்லை, திரையில் கண்டது. ஆனாலும் என்னைப் பொறுத்தவரை நேரில் கண்டதுதான். 1994 மே 1, ஞாயிறு, இத்தாலியின் இமோலாவில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம். அப்போது நான் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். முதலாளி வீட்டில் கேபிள் வந்திருந்தது. முந்தைய நாள் தகுதிச்சுற்றில்தான் ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்திருந்தார். மறுநாள் தம்புரெல்லோ வளைவில் பிரேசில் வீரர் அயர்டன் சென்னாவின் வண்டி நேராகச் சுவரில் போய் மோதியது. வானத்திலிருந்து ஹெலிகாப்டர் காட்டுகிறது. மஞ்சள் ஹெல்மெட் அசையாமல் இருந்தது. பிறகு லேசாக அசைந்தது.

"ஜீவனுண்டு, ஜீவனுண்டு" என்று முதலாளி எழுந்து நின்று கையைத் தட்டினார். நாங்கள் ஏழெட்டுப் பேரும் தட்டினோம். அந்த அசைவுதான் கடைசி என்பது இரவில் தெரிந்தது. ஒரு மனிதனின் சாவுக்குக் கைதட்டியவன் நான். சென்னாவின் வண்டிக்குள் ஆஸ்திரியக் கொடி ஒன்று இருந்ததாம். ஜெயித்தால் ராட்சன்பெர்கருக்காக அதை உயர்த்திக் காட்ட வைத்திருந்தார் என்று பின்னால் படித்தேன். அந்தப் பந்தயத்தையும் திரும்பத் தொடங்கி ஓட்டி முடித்தார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இப்போது அக்கா எழுதியதற்கு வருகிறேன். அந்தப் பாட்டியைப் பற்றி எழுதும்போது அக்காவுக்கு ஒரு பிரமிப்பு இருப்பதாகத் தோன்றுகிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது. இமோலாவுக்குப் பிறகு பந்தய அமைப்பினர் வண்டியை மாற்றினார்கள், வளைவுகளை மாற்றினார்கள். தம்புரெல்லோவே இன்று பழைய தம்புரெல்லோ இல்லை. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அடுத்து ஒரு வீரரின் உயிரைப் பறித்த விபத்து 2014-ல் ஜப்பானின் சுசூகாவில் நடந்தது. அதில் அடிபட்ட ஜூல் பியாங்கி அடுத்த ஆண்டு இறந்தார். நடுவில் இருபது வருடம்! மேன் தீவின் மலைப்பாதையில் எதை மாற்றுவீர்கள்? 60 கிலோமீட்டருக்கு மேல் நீளம், இருநூறுக்கும் அதிகமான வளைவுகள், இரண்டு பக்கமும் வீடு, கற்சுவர், விளக்குக் கம்பம். 1911-ல் அங்கே பந்தயம் தொடங்கிய ஆண்டிலேயே பயிற்சியில் விக்டர் சரிட்ஜ் இறந்தார். இன்றுவரை 260 பேருக்கு மேல். 1972-ல் இத்தாலிய வீரர் கில்பெர்ட்டோ பார்லோட்டி மழையில் விழுந்து இறந்த பிறகு, அவருடைய நண்பரும் உலக சாம்பியனுமான அகஸ்டினி இனி இந்தப் பாதையில் ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு சீனியர் என்ற முக்கியப் பந்தயத்தில் ஜெயித்தவரே அவர்தான்! 1976-க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப் கணக்கிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் முடிவு. யார் வந்து வீரம், மரபு என்று சொன்னாலும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

சத்தியவேடு, பள்ளி ஆசிரியர்

சோழவரத்தில் பந்தயம் நின்று, 1990 வாக்கில் எல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. நான் சொல்ல வந்தது அங்கே நடந்தது. 2023 ஆகஸ்ட் 5, பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் பைக் பந்தயத்தில் விழுந்து இறந்தான். மிச்சப் பந்தயங்களை அந்த வாரம் ரத்து செய்தார்கள். திங்கட்கிழமை நான் எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டை எடுத்தேன். எல்லாம் அதே வயது. மூன்றாவது பெயருக்கு மேல் கூப்பிட முடியாமல் நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள், நான் பதில் சொல்லவில்லை.

வேலந்தாவளம், செவிலியர்

கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு: பிரமிப்பு இல்லை. அந்தப் பாட்டியின் மேல் எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவருடைய வீட்டுக்கு இரண்டு முறை போனேன். வாசலிலிருந்து பார்த்தால் பந்தயச் சாலை. அவர் பிறந்ததும் அதே வீட்டில். நிறுத்த வேண்டும் என்று நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே வருகிறவர்களை யாரும் இழுத்துவரவில்லை, முந்தைய வருடம் நண்பனைப் பறிகொடுத்தவர்களும் வருகிறார்கள். இதற்கு என்னிடம் விடை இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 2022-ல் ஒரு சைடுகார் விபத்தில் இறந்தவர் யார், பிழைத்தவர் யார் என்பதை மாற்றி அறிவித்துவிட்டு, சில நாட்களுக்குப் பின் திருத்தினார்கள். பிரான்சில் இரண்டு குடும்பங்கள். நாங்கள் ஒரு மாத்திரை கொடுப்பதற்குக்கூட கைப்பட்டையில் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். பிழைத்ததாகத் திருத்தப்பட்டவரும் அக்டோபரில் இறந்துபோனார்.

ஆரம்பாக்கம் ஐயா, உங்களுக்குத்தான் முக்கியமாக எழுத வந்தேன். ஆம்புலன்ஸ் அண்ணன் சொன்னது மூச்சு ஒழுங்காக வருகிறவருக்கு. நீங்கள் குறட்டைபோல ஒரு சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். நினைவிழந்து கிடப்பவரிடம் அந்தச் சத்தம் வந்தால் நாக்கோ இரத்தமோ மூச்சுப்பாதையை அடைக்கிறது என்று பொருள். முகம் மூடிய ஹெல்மெட்டுக்குள் கையை விட்டு அதைச் சரிசெய்ய முடியாவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழிருந்து தாடையையும் பிடரியையும் தாங்கிக்கொள்ள, மற்றவர் பக்கங்களை விரித்து மெல்ல எடுப்பார். நீங்கள் எடுத்த முறை தவறாக இருக்கலாம். எடுத்தது தவறா என்று எனக்கு அவ்வளவு எளிதில் சொல்லத் தோன்றவில்லை. கழற்றிய பிறகு அந்தச் சத்தம் நின்றதா?

ஆரம்பாக்கம், ஓய்வுபெற்றவர்

நேற்று இரவு இதைப் படித்தேன் அம்மா. காலையில்தான் எழுத முடிந்தது.

நின்றது. அது நன்றாக நினைவிருக்கிறது. வாயிலிருந்து இரத்தம் பக்கவாட்டில் வழிந்தது, சத்தம் நின்றது. மூச்சு சீராகித்தான் நின்றதா, மூச்சே நின்றுவிட்டதா என்று நான் பார்ப்பதற்குள் ஸ்ட்ரெச்சரோடு வந்தவர் என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். ஹெல்மெட் என் மடியிலேயே இருந்தது. வெள்ளை நிறம். உள்ளே சூடாக இருந்தது. யாரோ வந்து வாங்கிக்கொண்டு போகும்வரை வைத்திருந்தேன்.