ஐசியூ நர்ஸுக்கும் புதிதாகச் சேர்ந்தவருக்கும் ஒரே ஆன்லைன் பயிற்சியா?

வெள்ளைத்தொப்பி:
எங்கள் மருத்துவமனையில் மருத்துவக் கழிவுப் பயிற்சி ஆன்லைனுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. 40 ஸ்லைடு, கடைசியில் 10 கேள்வி. ஐசியூவில் 14 வருடம் இருக்கிற எனக்கும் போன வாரம் சேர்ந்த பெண்ணுக்கும் அதே 40தான். நைட் டியூட்டிக்கு நடுவிலோ, முடிந்து பஸ்ஸிலோ உட்கார்ந்து ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று தட்டிக்கொண்டே வருகிறோம். முதலில் ஒரு சின்னத் தேர்வு வைத்து, அவரவருக்குத் தெரியாததை மட்டும் படிக்க விட்டால் என்ன?

பாடக்கட்டு:
சிஸ்டர், நான் இந்த மாதிரிப் பயிற்சிகளைத் தயாரிப்பவன். உங்கள் அலுப்பு புரிகிறது, ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள்படி வேலையில் சேரும்போதும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு தடவையாவது எல்லோருக்கும் பயிற்சி தர வேண்டும். பாதியைப் படிக்காமல் தாண்டிப் போனவருக்குப் பதிவேட்டில் என்ன எழுதுவது? அப்புறம், தெரியும் என்பது வேறு, செய்வது வேறு. போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது என்று தேர்வில் எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள். வார்டில் மூடி போடுபவர்களில் அனுபவசாலிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைத்தொப்பி:
அந்த அனுபவசாலிகளும் வருடா வருடம் 40 ஸ்லைடையும் பார்த்தவர்கள்தானே? ‘மூடி போடலாமா, கூடாதா’ என்று கேட்டால் குழந்தைகூடச் சரியாகச் சொல்லும். இப்படிக் கேளுங்கள்: ராத்திரி 2 மணி. இன்சுலின் போட்டாயிற்று, ஊசி கையில். பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்திருக்கப் பார்க்கிறார், விழுந்துவிடுவார் போலிருக்கிறது. ஊசிப் பெட்டியோ வார்டின் அந்தக் கோடியில். என்ன செய்வீர்கள்? இதற்கு வரும் பதில்தான் யாருக்கு எந்தப் பாடம் என்று சொல்லும். புதுப் பெண்கள் தடுமாறுவது வேறு இடத்தில். சாதாரண சிரிஞ்சில் ஊசியை வெட்டி வெள்ளைப் பெட்டியில் போட்டு, மிச்சத்தைச் சிவப்புப் பையில் போடுவார்கள். இன்சுலின் சிரிஞ்சில் ஊசி பிரியாது, முழுதாக வெள்ளையில் போக வேண்டும். இங்கேதான் குழம்புகிறார்கள்.

கரும்பலகை:
சிஸ்டர் சொல்வதற்கு ஆய்வின் பலமும் இருக்கிறது. புதியவருக்குக் கைகொடுக்கும் விரிவான விளக்கம், தேர்ந்தவருக்கு இடைஞ்சலாகிவிடும் என்று ஸ்லாவா கல்யுகாவும் சக ஆய்வாளர்களும் 2003-இல் எழுதினார்கள். ஆனால் ‘கண்ணால் கற்பவர், காதால் கற்பவர்’ என்று ஆளைப் பிரித்துப் பாதை போடச் சொன்னால் காசு கொடுக்காதீர்கள். அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2008-இலேயே ஹரோல்ட் பாஷ்லர் குழு அலசிச் சொல்லிவிட்டது. பிரிப்பதானால் என்ன வேலை, எவ்வளவு தெரியும், இந்த இரண்டை வைத்துப் பிரியுங்கள்.

பாடக்கட்டு:
வேலையை வைத்துப் பிரிப்பது சரி, அதை முழு மனதோடு ஏற்கிறேன். பைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் துப்புரவு அக்காக்களுக்கு எங்கள் ஆங்கில ஸ்லைடு எதற்கு? பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விடையைத் தட்டிக் கொடுப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: இருக்கிற நேரத்தையும் பணத்தையும் உங்களுக்கு 20 நிமிடம் மிச்சம் பிடிக்கச் செலவழிப்பதா, அவர்களுக்குத் தமிழில் ஒலிப்பாடம் செய்யச் செலவழிப்பதா? ஆளுக்கொரு பாதை என்றால் பராமரிப்பும் பெருகும். 2018-இல் விதிகளில் திருத்தம் வந்ததே, எட்டுப் பாதை இருந்தால் எட்டையும் திருத்த வேண்டும்.

கரும்பலகை:
பாதைக்குப் பாதை தனிப் பாடம் செய்தால்தான் அந்தச் சிக்கல். நான்கு நிமிடத் துண்டுகளாகச் செய்து, எந்தத் துண்டு யாருக்குத் திறக்கும் என்று மதிப்பெண்ணை வைத்து நிபந்தனை போடலாம். காசில்லாமல் கிடைக்கும் மூடுல் (Moodle) என்ற ஆன்லைன் பாட மென்பொருளில்கூட அந்த வசதி உண்டு. துண்டை ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

வெள்ளைத்தொப்பி:
அக்காக்களுக்கு முதலில் செய்யுங்கள், நான் காத்திருக்கிறேன். ஆனால் எங்கள் 20 நிமிடத்தை லேசாகச் சொல்லாதீர்கள். ஐசியூவில் ஒரு நர்ஸ் 20 நிமிடம் போனில் இருந்தால், அவருடைய நோயாளியையும் சேர்த்து இன்னொருவர் பார்க்கிறார்.

பாடக்கட்டு:
சரி, அது நியாயம். உங்கள் 2 மணிக் கேள்வியை அடுத்த சுற்றில் முதல் கேள்வியாக வைக்கிறேன். ஆனால் ஊசிப் பாடத்தை மட்டும், 14 வருடம் என்ன, 30 வருடம் ஆனவருக்கும் தாண்ட விட மாட்டேன்.

வெள்ளைத்தொப்பி:
வையுங்கள். பதில்களில் ‘பெட்டி தூரம்’ என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குப் பாடம் வேண்டாம், ஊசி டிராலியிலேயே ஒரு பெட்டி வேண்டும்.