உதவி: இரு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் மிகக் குறைவாக வருகிறது

வழிப்போக்கன்:
அவசரம். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை ஹாவர்சைன் சூத்திரத்தில் (உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய தூரத்தைத் தருவது) கணக்கிட்டு, மணிக்கு 900 கி.மீ. என்று வகுக்கிறேன். பயண நேரம் இரண்டேகால் மணி என்று வருகிறது. கால அட்டவணையிலோ சுமார் பத்து மணி நேரம். சூத்திரம் சரியாகத்தான் இருக்கிறது. இன்று இரவுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

நீலவானம்:
எந்த இரண்டு நிலையங்கள்? என்ன எண்களை இட்டீர்கள்?

கணக்காயர்:
பார்க்காமலே சொல்கிறேன், ரேடியன்தான். விரிதாளில் சைன், கோசைன் இரண்டும் கோணத்தை டிகிரியில் ஏற்காது, ரேடியன் என்ற அலகில்தான் ஏற்கும். டிகிரியை π (பை) என்ற எண்ணால் பெருக்கி 180ஆல் வகுத்துவிட்டு இடுங்கள்.

துருவன்:
பூமி சரியான உருண்டை அல்ல என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. எல்லா இடத்துக்கும் சராசரி ஆரம் 6,371 என்று போட்டால் விடை எப்படிச் சரியாக வரும்?

பழந்தடம்:
துருவன், அதனால் வரும் பிழை அரை விழுக்காட்டைச் சுற்றித்தான் இருக்கும். இங்கே விடை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. வழிப்போக்கன், உதவி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. இட்ட எண்ணும் வந்த விடையும் சொல்லாதவருக்கு யாராலும் உதவ முடியாது. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

வழிப்போக்கன்:
அட்சரேகை, தீர்க்கரேகை என்ற வரிசையில்: டோக்கியோ நரிட்டா 35.77, 140.39. லாஸ் ஏஞ்சலஸ் 33.94, 118.41. விடை 2,010 கி.மீ. ரேடியனாக மாற்றித்தான் இட்டேன்.

நீலவானம்:
கிடைத்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் மேற்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. 118.41க்கு முன்னால் கழித்தல் குறி வேண்டும். குறி இல்லாமல் நீங்கள் அளந்தது நரிட்டாவிலிருந்து கிழக்குச் சீனாவுக்கு. குறி போட்டால் தீர்க்கரேகை வித்தியாசம் 258.8 டிகிரி என்று வரும், பயப்பட வேண்டாம். சைனின் வர்க்கம் என்பதால் சூத்திரமே குறுகிய பக்கத்தை எடுத்துக்கொள்ளும். ஏறத்தாழ 8,750 கி.மீ. வர வேண்டும். இன்னொன்று: அட்டவணை நேரம் விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாயிலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்வதும் ஏறி இறங்குவதும் அதில் அடக்கம். 900ஆல் வகுத்த விடையோடு அரை மணி நேரமாவது சேருங்கள்.

கணக்காயர்:
மேற்கு நோக்கி டோக்கியோவுக்குத் திரும்பும் பயணத்துக்கும் அதே நேரத்தைப் போட்டுவிடாதீர்கள். அது ஒன்றரை மணி நேரம் வரை கூடும். பூமி சுழல்வதால் வருவது.

பழந்தடம்:
சுழற்சி காரணமே அல்ல. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. நீங்கள் சொல்வதுபோல் இருந்தால், பூமி கிழக்கே திரும்ப, மேற்கே போகும் விமானத்துக்கு ஊரே எதிர்கொண்டு வரும். அந்தப் பயணம் அல்லவா குறைய வேண்டும்? உண்மையில் அதுதான் நீள்கிறது. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டமே காரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும்.

கணக்காயர்:
அந்தக் காற்று அப்படித் திரும்பி வீசுவதற்கே பூமியின் சுழற்சிதானே காரணம்?

பழந்தடம்:
காற்றின் திசைக்குச் சுழற்சி காரணம், பயண நேரத்துக்குக் காற்று காரணம். இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால் படிக்கிறவர் தவறாகப் புரிந்துகொள்வார்.

வழிப்போக்கன்:
குறி போட்டேன், 8,752 வந்தது. நன்றி, நீலவானம்.

துருவன்:
பூமியைத் துருவங்களில் தட்டையான உருண்டையாகக் கொண்டு நீள்வட்டக் கணக்கில் போட்டால் இன்னும் சற்று மாறும். யாராவது போட்டுப் பாருங்கள்.